போர் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகாமல் காப்பது எப்படி?

போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு, மோட்டார் இறக்கி, மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் புதிதாக வீடு கட்டியவர்கள் பலரும் நினைக்கிறார்கள். இரண்டு கோடை கழிந்து ஒரு நாள் சுவிட்சைப் போட்டவுடன் டிரிப் ஆகிறது. எலக்ட்ரீஷியன் வந்து மெகர் (கம்பியின் காப்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்த்துவிட்டு, "வைண்டிங் போயிருச்சுங்க" என்கிறார்; மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி கெட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு ஆள் பிடித்து, பைப்பை லென்த் லென்த்தாக மேலே இழுத்து, மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோய், அது வரும்வரை லாரித் தண்ணீர் வாங்கிக் காலம் தள்ள வேண்டும்.

இப்படிக் கருகும் மோட்டார்களில் பல, போரில் தண்ணீர் இறங்கிவிட்டது தெரியாமல் வெறுமனே ஓடியவை. எலக்ட்ரீஷியன்கள் இதை 'டிரை ரன்' என்பார்கள். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், தருமபுரி போன்ற பாறைப் பகுதி மாவட்டங்களில் வீட்டு போர் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சென்னை போன்ற ஊர்களில் ஆழம் மாறும், மண் மாறும். முறை ஏறக்குறைய இதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் பேனலில் (மோட்டார் ஸ்விட்ச் பெட்டியில்) இருக்கும் ஓவர்லோடு டிரிப் டிரை ரன்னிலிருந்து மோட்டாரைக் காப்பாற்றாது. "பேனல்ல டிரிப் இருக்கே, பார்த்துக்கும்" என்ற நம்பிக்கையில்தான் நிறைய மோட்டார்கள் போகின்றன. ஓவர்லோடு என்பது ஆம்பியர் அதிகமானால் நிறுத்துவது. தண்ணீர் இல்லாதபோது மோட்டாருக்குத் தூக்குவதற்குச் சுமையே இல்லை, அதனால் ஆம்பியர் குறைகிறது. குறைந்த ஆம்பியரைப் பார்த்து ஓவர்லோடு ரிலே எதுவும் செய்யாது.

கீழே என்ன நடக்கிறது

போருக்குள் தண்ணீரில் மூழ்கியே ஓடும் சப்மெர்சிபிளில் மோட்டார் அடியில் இருக்கும், பம்பு மேலே இருக்கும், தண்ணீர் உள்ளே போகும் சல்லடை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். பம்புக்குள் அடுக்கடுக்காக இம்பெல்லர்கள் (தண்ணீரைத் தள்ளும் சக்கரங்கள்) சுற்றுகின்றன. வீட்டு மோட்டார்களில் இவை பெரும்பாலும் ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்தவை. இவற்றுக்கும், சுழலும் தண்டைத் தாங்கும் புஷ்களுக்கும் எண்ணெயாக இருப்பது அவற்றினூடே ஓடும் தண்ணீர்தான். மோட்டாரின் சூட்டை வாங்கிக்கொண்டு போவதும் சுற்றி நிற்கும் தண்ணீர்தான்.

தண்ணீர் நின்றவுடன் இம்பெல்லர்கள் காய்ந்த நிலையில் உரசிச் சூடேறி இளகுகின்றன. சில நேரம் உருகி ஒட்டிக்கொண்டு பம்பே இறுகிவிடும். தொடர்ந்து ஓடினால் வைண்டிங் கம்பியின் மேலுறை சூட்டில் கெட்டு, கடைசியில் ஷார்ட் ஆகிறது. பம்புக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் பைப்பின் இணைப்பு இளகி, மோட்டாரே போருக்குள் விழுந்துவிடுவதும் உண்டு. அப்படி விழுந்தால் சில சமயம் மோட்டாரோடு போரையும் மறந்துவிட வேண்டியதுதான்.

இவ்வளவும் முந்நூறு நானூறு அடி ஆழத்தில் நடப்பதால் மேலே சத்தமும் வராது, வாசனையும் வராது. ஆகவே கண்காணிப்பை மனிதக் காதுக்கும் கண்ணுக்கும் விடாமல் ஒரு கருவியிடம் கொடுக்க வேண்டும். ஆனால் கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

முதல் வேலை: உங்கள் போரின் கணக்கை எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்: போரின் மொத்த ஆழம், போரின் விட்டம், கேசிங் (மண் சரியாமல் போரின் மேல்பகுதியில் இறக்கும் குழாய்) எத்தனை அடி, எத்தனையாவது அடியில் தண்ணீர் கிடைத்தது, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, மோட்டாரின் ஹெச்.பி., பம்பு எத்தனை ஸ்டேஜ் (இம்பெல்லர் அடுக்கு). போர் வண்டிக்காரரும் மோட்டார் இறக்கியவரும் இவற்றைச் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கே கேட்டால்தான் கிடைக்கும். மோட்டார் ஆழத்தை அவர்கள் சொல்வதை மட்டும் நம்பாமல், இறக்கும்போது பைப்பை எண்ணுங்கள். மோட்டாரைத் தொங்கவிடும் யுபிவிசி பைப் ('காலம் பைப்' என்பார்கள்) ஒரு லென்த் 3 மீட்டர், அதாவது ஏறக்குறைய 10 அடி. 30 லென்த் என்றால் 300 அடி.

பாறைப் பகுதியில் தண்ணீர் எல்லா ஆழத்திலும் கிடைக்காது. பாறையின் வெடிப்புகளில்தான் வரும். போர் ஓட்டுபவர்கள் அதை 'கேப்' என்பார்கள். உங்கள் போரில் 180 அடியில் ஒன்று, 340 அடியில் ஒன்று என இரண்டு கேப் இருந்தால் அந்த எண்கள் பின்னால் மிகவும் உதவும்.

அடுத்து ஊற்றின் அளவு. போர் போட்ட அன்று "ஒன்றரை இஞ்ச் தண்ணி" என்று சொல்லியிருப்பார்கள். அது பைப்பின் அளவு அல்ல. 'வி' வடிவில் வெட்டிய தகட்டின் வழியே தண்ணீரை விட்டு, அது எத்தனை அங்குல உயரத்துக்கு நிற்கிறது என்று பார்ப்பது. 90 டிகிரி வெட்டு உள்ள தகட்டில் 1 இஞ்ச் என்றால் மணிக்கு சுமார் 500 லிட்டர், ஒன்றரை இஞ்ச் சுமார் 1,400 லிட்டர், 2 இஞ்ச் சுமார் 2,900 லிட்டர். இஞ்ச் இரட்டிப்பானால் தண்ணீர் ஐந்து மடங்குக்கும் மேலாகிறது என்பதைக் கவனியுங்கள். "2 இஞ்சுக்கு 1 இஞ்ச் குறைஞ்சிருக்கு, பாதி இருக்குமே" என்று யாராவது சொன்னால் அது தவறு. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதோடு, போர் போட்ட அன்று பார்த்த இஞ்ச் அன்றைக்கு உள்ள கணக்கு. பக்கத்து மனையில் இன்னும் ஆழமாக ஒரு போர் வந்தாலே மாறிவிடும். அதனால் இப்போதைய ஊற்றை நீங்களே அளந்துகொள்ளுங்கள். மோட்டார் ஒரு இரவு முழுக்க ஓய்ந்திருக்கட்டும். காலையில் போட்டு, 20 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் நேரம் பாருங்கள். 48 நொடி ஆனால் மணிக்கு 1,500 லிட்டர். இது மோட்டார் இழுக்கும் அளவு. தண்ணீர் மெலிந்து, காற்றும் நீருமாக விட்டு விட்டு வரத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். அதுவரை எத்தனை நிமிடம் ஓடியது என்று எழுதுங்கள். ஒரு மணி நேரம் விட்டு மறுபடி போட்டு, இந்தத் தடவை எத்தனை லிட்டர் வந்து நிற்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஊறிய தண்ணீர் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்தச் சோதனை முழுவதும் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

தண்ணீர் மட்டம் அளப்பது

மோட்டார் இறங்கிய போருக்குள் கயிறு கட்டி எடை விட்டுப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேபிளிலோ பைப் இணைப்பிலோ சிக்கினால் மீட்பது பெரும்பாடு. அடுத்த முறை மோட்டார் இறக்கும்போது, பம்புக்குச் சற்று மேலே வரை ஒரு மெல்லிய நைலான் குழாயைப் பைப்போடு சேர்த்துக் கட்டி இறக்கச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு.

மேல் முனையில் ஒரு பிரஷர் கேஜும் சைக்கிள் டியூப் வால்வும் பொருத்துங்கள். சைக்கிள் பம்பால் காற்றடித்தால் முள் ஏறி, ஓர் இடத்துக்கு மேல் ஏறாமல் நிற்கும். குழாயில் இருந்த தண்ணீர் முழுக்க வெளியேறி, அடியில் காற்றுக் குமிழ் விடுகிறது என்று அர்த்தம். கேஜில் ஒவ்வொரு கிலோவுக்கும் 33 அடித் தண்ணீர் என்று கொள்ளுங்கள். குழாய் 290 அடி ஆழம் போயிருக்கிறது, கேஜ் 3 கிலோ காட்டுகிறது என்றால், குழாய் முனைக்கு மேல் 99 அடி தண்ணீர் நிற்கிறது. நீர்மட்டம் தரையிலிருந்து 191 அடியில். மாதம் ஒரு முறை இதை நோட்டில் எழுதி வந்தால் ஏப்ரலில் என்ன ஆகும் என்பது பிப்ரவரியிலேயே தெரிந்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆறரை இஞ்ச் போரில் ஒரு அடி உயரத்துக்கு சுமார் ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். நாலரை இஞ்ச் போரில் சுமார் 3 லிட்டர்தான். ஆறரை இஞ்ச் போரில் பம்புக்கு மேல் 100 அடி தண்ணீர் இருந்தால் கையிருப்பு 650 லிட்டர். மோட்டார் மணிக்கு 1,500 லிட்டர் இழுக்கிறது, ஊற்று மணிக்கு 500 லிட்டர் தருகிறது என்று வைத்தால், மணிக்கு 1,000 லிட்டர் வீதம் இருப்பு கரைகிறது. 650 லிட்டர் கரைய 39 நிமிடம். நாற்பதாவது நிமிடத்தில் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கும். காலியான போர் மறுபடி நிரம்ப ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்; பழைய மட்டத்தை நெருங்க நெருங்க ஊற்று மெதுவாகும் என்பதால் இன்னும் கூடவே ஆகும்.

இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் போதும். 30 நிமிடம் ஓட்டி இரண்டு மணி நேரம் விடுவது உங்கள் போருக்குச் சரியான பழக்கம் என்று எந்தக் கருவியும் இல்லாமலே தெரிந்துவிடுகிறது.

மோட்டார் தொங்கும் இடம்

தண்ணீர் குறைந்தால் மோட்டாரை அடி வரை இறக்கிவிடச் சொல்லும் ஆட்கள் உண்டு. போரின் அடியில் கல்தூளும் சேறும் தங்கும். மோட்டார் அதில் புதைந்தால் சூடு வெளியேறாது, சல்லடையும் அடைபடும். மொத்த ஆழத்திலிருந்து குறைந்தது 15, 20 அடியாவது மேலே நிறுத்துங்கள். பழைய போர் என்றால் முதலில் அடி எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்று அளந்துவிட்டு இறக்குங்கள்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தண்ணீர் வரும் கேப் மோட்டாருக்கு மேலே இருந்தால், மேலிருந்து வரும் தண்ணீர் நேராகச் சல்லடைக்குள் போய்விடும். அடியில் இருக்கும் மோட்டாரைத் தழுவி ஓடாது. தண்ணீருக்குள் இருந்தும் மோட்டார் சூடாவது இப்படித்தான். இதற்கு மோட்டாரைச் சுற்றி ஒரு பிவிசி குழாய் உறை போட்டு, தண்ணீர் கீழே இறங்கி மோட்டாரை உரசிக்கொண்டு மேலே வருமாறு செய்யலாம். போரின் விட்டம் இடம் கொடுத்தால் மட்டுமே இது முடியும். ஆறரை இஞ்ச் போரில் வி4 (நாலு இஞ்ச் அளவு) மோட்டாருக்கு இடம் இருக்கும். நாலரை இஞ்ச் போரில் இருக்காது.

இழுப்பைக் குறையுங்கள்

ஊற்று மணிக்கு 500 லிட்டர் தரும் போரில் மணிக்கு 1,500 லிட்டர் இழுக்கும் மோட்டார் இருப்பதுதான் அடிப்படைப் பிரச்சினை. "எதுக்கும் பெரிசாவே போட்டுருங்க" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். மோட்டார் வாங்கும்போது ஹெச்.பி.யை மட்டும் பார்க்காமல் ஸ்டேஜையும் பாருங்கள். ஒரே ஹெச்.பி.யில் ஸ்டேஜ் கூடினால் அதிக உயரத்துக்குத் தூக்கும், ஆனால் குறைவாகத் தூக்கும். ஊற்று குறைந்த ஆழமான போருக்கு அதுதான் ஏற்றது.

ஏற்கெனவே பெரிய மோட்டார் இறங்கிவிட்டதென்றால், போரிலிருந்து வெளியே வரும் பைப்பில் ஒரு கேட் வால்வு போடுங்கள். அதைச் சற்று மூடி வைத்தால் தண்ணீர் குறைவாக வரும். ஒரு தொட்டி நிரம்பக் கூடுதல் நேரம் ஆகும். போர் காலியாவதும் தள்ளிப்போகும். பாதிக்கு மேல் மூட வேண்டாம். முழுக்க மூடி ஓட்டினால் உள்ளே இருக்கும் தண்ணீரே கொதிக்கத் தொடங்கும். வால்வு வைத்த அளவைப் பெயின்டால் குறித்து வையுங்கள். வீட்டில் யாராவது "தண்ணி மெதுவா வருதே" என்று திறந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

காவல் கருவி: எதை வாங்குவது

வீட்டு போருக்குப் பொருந்துவது மூன்று வகை.

முதலாவது சென்சார் கம்பி. எவர்சில்வர் முனைகள் கொண்ட கம்பிகளைப் போருக்குள் பம்புக்குச் சற்று மேலே வரை இறக்குவார்கள். தண்ணீர் கீழ் முனையை விட்டு இறங்கியதும் மோட்டார் நிற்கும், மேல் முனையைத் தொட்டதும் மறுபடி ஓட அனுமதி கிடைக்கும். தண்ணீரை நேரடியாகப் பார்ப்பதால் பம்பு காற்றை இழுப்பதற்கு முன்பே நிறுத்திவிடும். அதில் இதை மிஞ்ச வேறு இல்லை. ஆனால் உப்புத் தண்ணீர், இரும்புச் சத்துள்ள தண்ணீர் என்றால் முனைகளில் படலம் படிந்து ஏமாற்றும். துடைக்க வேண்டுமென்றால் மேலே எடுக்க வேண்டும். ஆழம் கூடக் கூடக் கம்பிக்கும் ஆபத்து கூடும். 150 அடிக்குள் மோட்டார் தொங்கும் போருக்கும் திறந்த கிணற்றுக்கும் இதைச் சொல்வேன்.

இரண்டாவது பேனலிலேயே பொருத்தும் டிரை ரன் ரிலே. போருக்குள் எதுவும் இறங்காது. மோட்டார் இழுக்கும் ஆம்பியரை இது கவனித்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் நிறுத்தும். ஆழமான போருக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: இது ஆம்பியரை மட்டும் பார்க்கிறதா, அல்லது வாட்டையோ (மோட்டார் உண்மையில் செலவழிக்கும் மின்சக்தி) பவர் ஃபேக்டரையோ சேர்த்துப் பார்க்கிறதா? வீடுகளில் உள்ள சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ரன்னிங் கெப்பாசிட்டர் இருப்பதால், தண்ணீர் இல்லாதபோதும் ஆம்பியர் அதிகம் இறங்காது. 8 ஆம்பியர் இழுத்தது ஆறரைக்கு வந்து நிற்கலாம். வோல்டேஜ் ஏறி இறங்கினாலே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். வாட் பார்க்கும் ரிலே இந்தக் குழப்பத்தில் விழாது. விலை சற்றுக் கூடினாலும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு அதையே வாங்குங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரில் சுமை போனால் ஆம்பியர் நன்றாகவே இறங்கும். அங்கே சாதாரண ரிலேயும் வேலை செய்யும்.

மூன்றாவது டைமர். முன்னால் போட்ட கணக்குப்படி 30 நிமிடம் ஓடி நிற்குமாறு வைத்துவிடலாம். இதற்குத் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஆகவே இதை மட்டும் நம்ப வேண்டாம். ரிலேயோடு சேர்த்து வைத்தால் ஒன்று தவறினாலும் மற்றது பிடிக்கும்.

ரிலேயைச் செட் செய்வது

வாங்கி மாட்டிவிட்டுத் தொழிற்சாலை அளவிலேயே விட்டுவிடுகிறார்கள். அதனால் தேவையில்லாமல் டிரிப் ஆகி, வெறுத்துப்போய், கடைசியில் ரிலேயை பைபாஸ் செய்துவிடுகிறார்கள். உட்கார்ந்து பொறுமையாகச் செய்தால் இந்த நிலை வராது. பேனலைத் திறந்து ஒயர் மாட்டும் வேலையை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கியிருக்கும். செட் செய்யும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

போர் நன்றாக நிரம்பியிருக்கும் காலை நேரத்தில், கேட் வால்வை நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவில் வைத்து மோட்டாரைப் போடுங்கள். வோல்ட் மீட்டர் 220, 230க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 190இல் இருக்கும்போது செட் செய்தால், இரவில் 245 வரும்போது கணக்குத் தப்பும். ஐந்து நிமிடம் ஓடி, தண்ணீரும் முள்ளும் நிலையாக நின்ற பிறகு ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். 'செட்' அல்லது 'லேர்ன்' பொத்தான் உள்ள ரிலே என்றால் இப்போதுதான் அழுத்த வேண்டும். திருகி வைக்கும் ரிலே என்றால் நிலையான அளவில் 80 முதல் 85 சதவீதத்தில் அண்டர்லோடை (எந்த ஆம்பியருக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்ற அளவை) வையுங்கள். வால்வை மாற்றினால் இந்த அளவையும் மறுபடி செட் செய்ய வேண்டும்.

டிரிப் தாமதம் ஐந்து முதல் பத்து நொடி. அதைவிடக் குறைத்தால் ஒரு காற்றுக் குமிழுக்கும் நிற்கும். நிமிடக் கணக்கில் வைத்தால் கருவி இருந்தும் பயனில்லை.

பிறகு சோதித்துப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது கேட் வால்வை மெதுவாக மூடிக்கொண்டே வந்தால் ஆம்பியர் இறங்கும், ஓர் இடத்தில் ரிலே நிறுத்த வேண்டும். முழுக்க மூடியும் பத்து இருபது நொடிக்குள் நிறுத்தவில்லை என்றால் உடனே வால்வைத் திறந்துவிட்டு, அளவைச் சற்று மேலே ஏற்றி மறுபடி பாருங்கள். வால்வை மூடினாலே நிறுத்தும் ரிலே, தண்ணீர் முழுக்கப் போனபோதும் நிறுத்தும், ஏனென்றால் அப்போது ஆம்பியர் அதைவிடக் கீழே போகும்.

நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்துத் தானாக ஓட வேண்டும் என்பதற்கும் ஒரு திருகு இருக்கும். கடையில் வரும்போது அது பெரும்பாலும் சில நிமிடத்தில் இருக்கும். ஐந்து நிமிடத்தில் போரில் என்ன ஊறிவிடும்? மறுபடி ஓடும், காற்றை இழுக்கும், நிற்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு ஆம்பியர் பாய்கிறது. ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் வைண்டிங்கும் சூடாகின்றன. நம் உதாரணப் போருக்கு இதை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் வைப்பேன். உங்கள் போருக்கு உங்கள் நோட்டில் உள்ள ஊறும் நேரத்தைப் பாருங்கள்.

ஆட்டோவில் விட்டிருக்கிறீர்களா?

மாடித் தொட்டியில் ஃப்ளோட் (மிதவை) வைத்து, தொட்டி காலியானால் தானாக மோட்டார் ஓடி, நிரம்பினால் நிற்குமாறு செய்த வீடுகளுக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அந்தக் கருவிக்குத் தெரிந்தது மாடித் தொட்டி மட்டும்தான். போர் வற்றினால் தொட்டி நிரம்பாது. தொட்டி நிரம்பாத வரை மோட்டாரை அது நிறுத்தாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போன நேரத்தில் ஒரு குழாய் ஒழுகித் தொட்டி காலியானால், வெறும் போரில் மோட்டார் மணிக்கணக்கில் ஓடும். செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டருக்கும், கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ஸ்விட்சுக்கும் இதே கதைதான்.

ஆட்டோ வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அது பெரிய உதவி. ஆனால் டிரை ரன் ரிலே இல்லாமல் ஆட்டோ மாட்டாதீர்கள். மாட்டும்போது, ஆட்டோவிலிருந்து வரும் உத்தரவு ரிலேயைத் தாண்டித்தான் மோட்டாருக்குப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுச் சோதித்துப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது மோட்டார் மெயினை அணைத்துவிட்டுப் போங்கள்.

தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் ஆம்பியர் முள்ளைப் பாருங்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றவுடன் போர் வற்றிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மோட்டாரைப் பத்து நொடி மட்டும் போட்டு முள்ளைப் பாருங்கள். வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றால், அல்லது மேலும் கீழும் ஆடினால் தண்ணீர் இல்லை. அபூர்வமாக, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கலாம். வழக்கமான ஆம்பியரே காட்டியும் தண்ணீர் மேலே வரவில்லை என்றால் நடுவில் பைப் உடைந்து தண்ணீர் போருக்குள்ளேயே கொட்டுகிறது. வழக்கத்தைவிட மிக உயர்ந்தால் பம்பு இறுகியிருக்கிறது அல்லது வோல்டேஜ் மிகக் குறைவு. மூன்று ஃபேஸ் மோட்டாரில் யாராவது கம்பத்தில் வேலை பார்த்த பிறகு தண்ணீர் குறைந்திருந்தால், ஃபேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்காகத்தான் நல்ல நிலையில் எவ்வளவு ஆம்பியர் என்பதைப் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டச் சொல்கிறேன். அந்த ஒரு எண் இல்லாவிட்டால் முள் என்ன காட்டினாலும் அர்த்தம் இல்லை.

டிரிப் ஆனவுடன் ரீசெட் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். ஏறிய தண்ணீர் கீழே இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு கசிந்தால் பைப்பில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கும்போது பம்பைப் பின்பக்கமாகச் சுழற்றும். அந்த நேரத்தில் கரண்ட் கொடுத்தால் ஷாஃப்ட்டே முறியலாம்.

சம்ப்பும் திறந்த கிணறும்

இங்கே வேலை எளிது. சம்ப்பில் (தரைமட்டத் தொட்டியில்) ஃப்ளோட் ஸ்விட்ச் ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். பம்பின் சல்லடைக்கு ஒரு சாண் மேலேயே நிற்குமாறு கயிற்றளவை வையுங்கள். மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக, தண்ணீருக்கு வெளியே இருப்பது) வைத்திருப்பவர்கள் உறிஞ்சு குழாயின் அடி முனையில் இருக்கும் ஃபுட் வால்வைக் கவனியுங்கள். அது கசிந்தால் சம்ப்பில் தண்ணீர் இருந்தும் பம்புக்குள் இருக்காது. ஓடினால் முதலில் சீல் போய்விடும்.

காலத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் நிலத்தடி நீருக்கு ஆதாரம். ஜனவரியில் செட் செய்த ரிலேயும் டைமரும் மே மாதத்துக்குப் பொருந்தாது. மார்ச் தொடக்கத்தில் ஒரு முறை ஓடும் நேரத்தைக் குறைத்து ஓய்வு நேரத்தைக் கூட்டுங்கள். மழை முடிந்ததும் பழையபடி வையுங்கள். மழை தவறிய ஆண்டின் கோடையில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது நகரத்துப் போர்களும் சேர்ந்தே இறங்கின.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பெயருக்கு ஒரு குழி தோண்டி விட்டிருந்தால், அதை நிஜமாக வேலை செய்ய வையுங்கள். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் விழுகிறது. அதைக் கூழாங்கல், மணல் நிரப்பிய குழி வழியாக வடித்து நிலத்துக்குள் விடுங்கள். மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேராகப் போருக்குள் விட்டால் மண்ணும் சருகும் போய் கேப்பையே அடைத்துவிடும்.

இவ்வளவும் செய்தும் அடிக்கடி டிரிப் ஆனால்

ரிலேயை பைபாஸ் செய்யாதீர்கள். ஒரு வாரம், எத்தனை நிமிடம் ஓடி நிற்கிறது என்று குறித்து வாருங்கள். நேரம் குறைந்துகொண்டே வந்தால் நீர்மட்டம் இறங்குகிறது. போரில் இன்னும் ஆழம் இருந்து, கீழே ஒரு கேப்பும் இருந்தால் சில லென்த் சேர்த்து மோட்டாரை இறக்கலாம். அப்போது பம்பின் ஸ்டேஜ் அந்த உயரத்துக்குப் போதுமா, கேபிளின் தடிமன் அந்த நீளத்துக்குப் போதுமா என்று இரண்டையும் கேளுங்கள். மோட்டாரை வெளியே எடுத்த போரின் வாயை ஒரு மணி நேரத்துக்குக்கூடத் திறந்து விடாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த போருக்குள் விழுந்து குழந்தை சுஜித் இறந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

மணிக்கு 200, 300 லிட்டர்தான் ஊறுகிறது, ஆழமும் தீர்ந்துவிட்டது என்றால் சப்மெர்சிபிளை விட்டுவிட்டு கம்ப்ரசருக்கு மாறுவது பற்றி யோசிக்கலாம். கம்ப்ரசரில் மோட்டார் தரைக்கு மேலே இருக்கும், போருக்குள் காற்றுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் மட்டுமே போகும். தண்ணீர் தீர்ந்தால் காற்று வரும், கருகுவதற்குக் கீழே எதுவும் இல்லை. சத்தம் அதிகம், ஒரு தொட்டி நிரப்பக் கரண்டும் அதிகம், தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும். நேராக மாடிக்கு ஏற்ற அது தோதுப்படாது. தரைமட்டச் சம்ப்பில் விழவிட்டு, அங்கிருந்து சிறிய மோட்டாரால் மாடிக்கு ஏற்ற வேண்டும். அந்தச் சம்ப் மோட்டாருக்கு மேலே சொன்ன ஃப்ளோட் ஸ்விட்சை முதல் நாளே மாட்டிவிடுங்கள்.